ஆளுக்கொரு திருகு

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், மோட்டாருக்கு மெதுவாகப் பேசக் கற்றுக்கொடுப்பது என்று சொல்வேன். கேட்டவர்கள் அதற்குமேல் கேட்கமாட்டார்கள். சொந்தக்காரர்கள் மத்தியில் நான் 'ஆர்.ஓ. கம்பெனிக்காரன்'. எனக்குப் பெண் பார்த்த காலத்தில் தண்ணீர் கேன் போடுகிறவன் என்று ஒரு வீட்டில் நினைத்துக்கொண்டு, எத்தனை வண்டி ஓடுகிறது என்று விசாரித்தார்கள். ஒரு வண்டியும் இல்லை என்றதும் காபியோடு அனுப்பிவிட்டார்கள்.

உண்மையில் நான் செய்வது இதுதான். உப்புத் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் மிஷினுக்குள் மெம்பரேன் என்று ஒரு சவ்வு இருக்கிறது. தண்ணீரை அதன்மீது பலமாக அழுத்தினால் நல்ல தண்ணீர் ஒரு பக்கம் கசிந்து வரும். உப்பெல்லாம் மிச்சத் தண்ணீரோடு சேர்ந்து இன்னொரு குழாய் வழியாக வெளியே போகும். அழுத்துவதற்குத்தான் மோட்டார். கரண்டு முழுவதையும் தின்பது அந்த மோட்டார்தான். பழைய மிஷின்களில் அது பொழுது விடிந்தது முதல் அடைகிறவரை ஒரே வேகத்தில் கத்திக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு, பிரேக்கைப் பிடித்து வண்டியை ஓட்டுவதுபோல. நான் கொண்டுபோய் மாட்டும் பெட்டி, தண்ணீரில் எவ்வளவு உப்பு, எவ்வளவு அழுத்தம் தேவை என்று தானே பார்த்து, மோட்டாரைத் தேவைக்கு மட்டும் ஓடவைக்கும். மழைக்குப் பிறகு போர்த் தண்ணீரில் உப்பு குறையும், மோட்டாரும் நிதானமாக ஓடும். கோடையில் உப்பு ஏறும், அதுவும் வேகமெடுக்கும். அவ்வளவுதான் வித்தை. இதற்குப் போய் ஒரு படிப்பு படித்திருக்கிறேன்.

நான் பிறந்தது திருச்சுழிப் பக்கம். எங்கள் ஊர்ப் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதெல்லாம் உலக வழக்கம் என்றே நினைத்திருந்தேன். மதுரையில் ஹாஸ்டலில் சேர்ந்த அன்று குளிக்கப் போய் சோப்புப் போட்டால், உடம்பெல்லாம் நுரை. அலசுகிறேன், அலசுகிறேன், வழவழப்பு போகவே இல்லை. தோலுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துபோய், வெளியே நின்றவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் அதைக் கடைசி வருஷம் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தான். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததற்கு அந்தக் குளியலறையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் சொல்ல வந்தது பரளச்சியைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு ஊரின் பிளான்ட்டைப் பற்றி. ஊர்ப் பெயர் வேண்டாம். சுற்றிக் கரிசல் காடு, பருத்தியும் குதிரைவாலியும் மல்லியும் மழையை நம்பிப் போடுகிறவர்கள். ஊருக்கு நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறைக்குள் அந்த மிஷின் இருந்தது. அதை ஓட்டுகிறவர் ஒரு அக்கா. மகளிர் குழு அவரை அந்த வேலைக்கு வைத்திருந்தது. காலையில் திறந்து மிஷினைப் போட்டு, குடங்கள் நிறைகிறவரை பக்கத்தில் இருந்து, சாயங்காலம் பூட்டிக்கொண்டு போவார். அறைச் சாவி எப்போதும் அவர் இடுப்பில் செருகியிருக்கும். ஒரு நாள்கூட அதை ஆணியில் மாட்டிப் பார்த்ததில்லை.

அதற்குமுன் அவர் பருத்திக்காட்டுக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்டு, ஒரு வருஷம் படுத்தே கிடந்தாராம். பிறகுதான் இந்த வேலை. உட்கார நாற்காலி, தலைக்கு மேலே ஃபேன், ஊரில் மரியாதை. பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் 'ஆர்.ஓ. அக்கா' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அவர் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டைக்கும் பரளச்சிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவரும்கூடப் பெண்டாட்டியைப் பற்றிப் பேசும்போது பாதி கேலியாகவும் பாதி நிஜமாகவும் "ஆப்பரேட்டரம்மா" என்றுதான் சொல்வார்.

அந்தச் சாவிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. பிளான்ட் கரண்டைக் குடிக்கிறது, பஞ்சாயத்தால் தாங்க முடியவில்லை என்று பேச்சு. மல்லாங்கிணறு பக்கமிருந்து லாரியில் தண்ணீர் கொண்டுவந்துவிடலாம், இந்த அறையைப் பூட்டிவிடலாம் என்று சில பேர் தலைவரிடம் சொல்லியிருந்தார்கள். தலைவர் காடுகரை உள்ள மனிதர், அவசரப்படாதவர். பெட்டியை மாட்டிப் பாருங்கள், பொங்கலுக்குள் கரண்டு குறைந்தால் ஓடட்டும், குறையாவிட்டால் பூட்டிவிட வேண்டியதுதான் என்று என்னிடமும் அக்காவிடமும் சேர்த்தே சொல்லிவிட்டார். லாரித் தண்ணீர் வாரத்துக்கு எத்தனை நாள் வரும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கு அதைவிட நன்றாக வேறொன்று தெரியும். பூட்டினால் மறுபடி பருத்திக்காடு.

"தம்பி, நீங்க என்னமோ செஞ்சுக்கங்க. நான் இனிமே குனிய மாட்டேன்" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

புரட்டாசிக் கடைசியில் பெட்டியை மாட்டினேன். மாட்டிய அன்றே சத்தம் அடங்கிவிட்டது. தெருமுனை வரை கேட்ட இரைச்சல் போய், அறை வாசலில் நின்றால்கூட மெலிதாக ஒரு முனகல்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊருக்குச் சந்தேகம் தாங்கவில்லை. மிஷின் ஓடவே இல்லை, போர்த் தண்ணியை அப்படியே பிடித்துக் கொடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. சத்தமில்லாமல் எப்படிச் சுத்தமாகும் என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டார். கம்பு இடித்தால் சத்தம் வராமலா இருக்கிறது என்றும் கேட்டார். அக்காதான் ஒரு டம்ளரில் வெறும் போர்த் தண்ணீரையும் இன்னொன்றில் மிஷின் தண்ணீரையும் ஊற்றி அவர் கையில் கொடுத்துக் குடிக்கச் சொன்னார். பெரியவர் இரண்டையும் குடித்துவிட்டு, இரண்டாவதை இன்னொரு டம்ளர் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்து, அதுவரை குடம் எடுத்து வராதவர்களும் அடுத்த வாரத்திலிருந்து வரத் தொடங்கினார்கள்.

முதல் வாரம் மீட்டர் சொன்னது நல்ல செய்தி. பெட்டி தன் கணக்கையெல்லாம் என் போனுக்கு அனுப்பிவிடும் என்பதால், மதுரையில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். காலையில் பல் விளக்கிக்கொண்டே, கரண்டு ஏறி இறங்குவதைப் போனில் காட்டும் கோட்டைப் பார்ப்பேன். அது இறங்கி இறங்கிப் படுத்திருக்கும். அதைப் பார்த்தால் எனக்கு அன்று முழுவதும் நல்ல மனநிலை. இரண்டாவது வாரம் கோடு எழுந்து உட்கார்ந்தது. மூன்றாவது வாரம் எழுந்தே நின்றுவிட்டது.

விசித்திரம் என்னவென்றால், காலையில் மிஷின் போட்டதும் எல்லாம் ஒழுங்காக இருக்கும். வெயில் ஏற ஏற உள்ளே உப்பு சேரும். உப்பு சேர்ந்தால் பெட்டி என்ன செய்யும்? பாவம், அது படித்த படிப்பைத்தான் செய்யும். மோட்டாரை இன்னும் அழுத்தச் சொல்லும். அதற்கும் அடங்காவிட்டால், எடுத்துவைத்த நல்ல தண்ணீரையே திருப்பி உள்ளே விட்டு மெம்பரேனைக் கழுவும். கழுவியதும் கொஞ்ச நேரம் அமைதி. பிறகு மறுபடி உப்பு, மறுபடி கழுவல். சாயங்காலத்துக்குள் பழைய மிஷினே தேவலை என்கிற அளவுக்குக் கரண்டைத் தின்றுவிடும். சில நாள் அழுத்தம் எல்லை மீறி மிஷின் தானாகவே நின்றும் போனது.

மெம்பரேனில் உப்புப் படிந்திருக்கும் என்று போய்க் கழற்றிக் கழுவினேன். அது பளிச்சென்றுதான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போடும்போது நம் போரில் உப்பு கூடுகிறதோ என்று சந்தேகப்பட்டு, போர்த் தண்ணீரை மணிக்கொரு தரம் பிடித்துப் பார்த்தேன். மாற்றமே இல்லை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற ஆள் நான். பெட்டியில் தப்பில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். பெட்டியில் தப்பில்லை, போரில் தப்பில்லை, மெம்பரேனில் தப்பில்லை என்றால் மிச்சமிருப்பது மனிதர்கள்தான். அறைக்குள் இருக்கிற மனிதர் ஒருவர்தான்.

கேட்டுவிட்டேன். அக்கா, நான் இல்லாத நேரத்தில் ஏதாவது பட்டனைத் தொடுகிறீர்களா என்று. நல்லபடியாகத்தான் கேட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "நான் தொட்டா ஏந்தம்பி தொடப்போறேன்? இது ஓடலைன்னா ஒங்களுக்கு வேற ஊரு இருக்கு. எனக்கு எது இருக்கு?" என்றார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் முன்னால் மேஜைமேல் வைத்தார். "நீங்களே இருந்து ஓட்டிப் பாருங்க. நான் வாசல்ல ஒக்காந்துக்கிறேன்."

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. சொன்னது சொன்னதுதான் என்று வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்று காலை முழுவதும் நான் அறைக்குள்ளேயே இருந்து மிஷினை ஓட்டினேன். யாரும் எதையும் தொடவில்லை. பத்து மணிக்கெல்லாம் உப்பு ஏறத் தொடங்கியது. பெட்டி கழுவத் தொடங்கியது. வாசலிலிருந்து அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த முதுகைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் பசி எடுத்தது. ஊரில் இருக்கும் ஒரே டீக்கடைக்குப் போய் இரண்டு வடையும் டீயும் சாப்பிட்டேன். அக்காவுக்கும் இரண்டு வடை பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டேன். சமாதானத்துக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. திரும்பும்போது அறையின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டிய பாதையில் வந்தேன். குடம் எடுத்து வருகிறவர்களெல்லாம் வருகிற பாதை அது. அந்தச் சுவரிலிருந்துதான் கழிவுத் தண்ணீர்க் குழாய் வெளியே வந்து ஓடைக்குள் விழுகிறது. இடுப்பு உயரத்தில் ஒரு வால்வு, அதற்குச் சிவப்பாக ஒரு கைப்பிடி. பார்வைக்குத் தெருக்குழாய் மாதிரியேதான் இருக்கும். ஆரம்பத்தில் இந்த மிஷினை வைத்தவர்கள் அப்படி வைத்திருந்தார்கள்.

நடந்துகொண்டே ஒரு கையால் அந்தக் கைப்பிடியைத் திருகிவிட்டு நடந்தேன்.

நாலு எட்டு போயிருப்பேன். சுவருக்கு உள்ளே மோட்டாரின் குரல் மாறியது. வருஷக்கணக்காக மோட்டார்களோடு கிடக்கிற காது என்னுடையது, அந்தக் காதுதான் முதலில் நின்றது. நானும் நின்றேன். திரும்பி வால்வைப் பார்த்தேன். பிறகு என் கையைப் பார்த்தேன். வடைப் பொட்டலம் இல்லாத கை அது.

என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது, கை போய் மூடியது. அவ்வளவுதான். அந்தக் குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால்தான் உப்பு வெளியேறும், அதை அடைத்தால் உப்பு உள்ளேயே தேங்கும் என்று பாடம் எடுக்கிறவன் நான். பாடமெல்லாம் தலையில்தான் இருந்தது. கை திருச்சுழிப் பக்கத்துக் கை.

அக்காவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லாமல், கொஞ்ச நேரம் என்னோடு எதிரில் இருக்கும் வேப்பமரத்தடியில் வந்து நில்லுங்கள் என்றேன். கோபத்தோடுதான் வந்தார். வால்வை முழுக்கத் திறந்துவிட்டு இருவரும் நின்றோம். முதலில் ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு வந்தாள். யாரோடோ பேசிக்கொண்டே வந்தவள், பேச்சை நிறுத்தாமலேயே ஒரு திருகு திருகிவிட்டுப் போனாள். அடுத்து வந்தவளும் ஒரு திருகு. பிறகு சைக்கிளில் ஒருவர் வந்தார். இறங்கி, ஸ்டாண்டு போட்டு, திருகி, தண்ணீர் குறைந்ததா என்று குனிந்து பார்த்து, மறுபடி ஏறிப் போனார். அவர் தண்ணீர் பிடிக்க வந்தவர்கூட இல்லை. மிஷின் சத்தமில்லாமல் எப்படிச் சுத்தமாக்கும் என்று கேட்ட பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, ஏற்கெனவே முக்கால்வாசி மூடியிருந்ததை, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மூடினார். ஊர் கூடித் தேர் இழுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே ஊர் கூடி ஒரு வால்வைத் திருகிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்த பிறகு நான் கேட்டேன்: காலையில் மிஷின் போடும்போது இந்த வால்வை முழுக்கத் திறந்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தேனே, அப்போது இது மூடிக் கிடப்பதைப் பார்க்கவில்லையா?

"தெனமும் மூடித்தான் கெடக்கும்" என்றார். "ராத்திரி குழாயத் தொறந்து போட்டுட்டா தூங்குவாக? மூடாம இருந்தாத்தான் நான் யாருடா இப்பிடின்னு கேட்டிருப்பேன்."

தினமும் கண்ணெதிரே இருந்திருக்கிறது, ஆனால் சொல்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை. குழாய் மூடியிருப்பதை எங்கள் பக்கத்தில் யார் செய்தி என்று சொல்வார்கள்? வெளியே போகும் தண்ணீருக்கு நானும் ஒரு மீட்டர் வைக்கவில்லை. போகிற தண்ணீரை அளந்து என்ன செய்வது என்று விட்டுவிட்டேன். அதுவும் ஊர்ப் புத்திதான்.

என் அம்மா ஒரு தரம் மதுரை பஸ் ஸ்டாண்டில், புறப்படப்போகிற அருப்புக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினார். பையை எங்கோ வைத்துவிட்டார் போல என்று நானும் பின்னாலேயே இறங்கினேன். பார்த்தால், கழிப்பறைப் பக்கம் ஒரு குழாய் திறந்து கிடந்தது. அதை மூடிவிட்டு வந்தார். பஸ் போய்விட்டது. பையும் பஸ்ஸோடு போய்விட்டது. எங்கள் வீட்டில் அப்பா உட்பட ஒருவரும் அவரைத் திட்டவில்லை. பை அடுத்த நாள் டிப்போவில் கிடைத்தது, தண்ணீர் கிடைக்குமா என்று அம்மா கேட்டார். அப்படிப்பட்ட ஊர்களுக்கு நடுவில், பகலெல்லாம் தண்ணீர் கொட்டும் ஒரு குழாயை, கைக்கு எட்டுகிற உயரத்தில், கைப்பிடியோடு வைத்துவிட்டுக் கரண்டு ஏன் குறையவில்லை என்று நான் மதுரையில் உட்கார்ந்து கோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரணம் தெரிந்துவிட்டது, காரியம் முடிந்துவிட்டது என்று அன்று நினைத்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது பிறகுதான். முதலில் 'இந்த வால்வைத் தொடாதீர்கள்' என்று சுவரில் பெயின்டால் எழுதிவைத்தோம். நின்று படித்தார்கள். படித்துவிட்டு மூடினார்கள். எழுதியிருக்கிறதே என்று அக்கா கேட்டால், தண்ணி போகுதே என்று பதில் வந்தது. அதனால் கைப்பிடியையே கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மொட்டைக் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு நாள் கோடு இறங்கியது. மூன்றாம் நாள் மிஷினே நின்றுவிட்டது. அக்கா போனில் சொன்னார், யாரோ பழைய சேலைத் துணியைச் சுருட்டிக் குழாய் வாயில் அடைத்திருக்கிறார்கள் என்று. கூடவே ஊரில் என்னைப் பற்றி ஓடுகிற பேச்சையும் சொன்னார். மதுரைக்காரன் ஒருத்தன் வந்தான், தண்ணியை ஓடையில் திறந்துவிட்டான், மூட முடியாமல் கைப்பிடியையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான் என்று. என்னை மதுரைக்காரன் என்று சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அடுத்து நான் போனபோது, வரிசையில் நின்றவர்களிடம் விளக்கிச் சொல்ல முயன்றேன். இது உப்புத் தண்ணீர், குடிக்க உதவாது, இது போனால்தான் நல்ல தண்ணீர் வரும் என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டு முடித்ததும், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி சொன்னாள்.

"அதெல்லாம் சரிண்ணே. போற தண்ணிக்கு ஒரு சோலி குடுங்க. சும்மா போனா எங்களால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

அவள் என்னைத் திட்டவுமில்லை, எனக்குப் பாடம் எடுக்கவுமில்லை. தன்னால் முடியாது என்பதைச் சொன்னாள். என்னாலும்தானே முடியவில்லை. அதனால் அது எனக்குச் சட்டென்று புரிந்தது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிணற்றுக்குள் இறக்குகிற சிமெண்டு உறைகள் சில, யாரோ எப்போதோ போட்டவை, சும்மா கிடந்தன. அக்காவின் வீட்டுக்காரரும் குழுவிலிருந்த பெண்களும் அவற்றை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அடுக்கி, அடியில் சிமெண்டு பூசி, ஒரு தொட்டி ஆக்கினோம். கழிவுக் குழாயைச் சுவரோரமாக நீட்டி அதில் விட்டோம். மறுநாளிலிருந்து அந்தத் தண்ணீருக்குச் சோலி வந்துவிட்டது. பாத்திரம் விளக்கினார்கள். மிதியடி கழுவினார்கள். முதல் மழை பெய்து கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்ட நாளில், அக்காவின் வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோவை அங்கே நிறுத்தி, பொண்ணுக்கு அலங்காரம் செய்கிற மாதிரி கழுவினார். அன்றிலிருந்து எம்.ரெட்டியபட்டிப் பக்கத்து ஆட்டோக்கள்கூட வரத் தொடங்கின. ஒரு மாடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஆடுகள் அவ்வளவு யோசிக்கவில்லை.

யாரும் எதையும் அடைக்கவில்லை. தண்ணீர் அதே அளவுதான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் அது போகவில்லை, தொட்டிக்கு வந்துகொண்டிருந்தது. உள்ளே பெட்டி தன் வேலையைப் பார்த்தது. மோட்டார் மறுபடி முனகலுக்குத் திரும்பியது. காலையில் பல் விளக்கிக்கொண்டு போனைப் பார்த்தால், கோடு சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஆள்போல நீட்டி நிமிர்ந்து கிடந்தது. எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்றும் அந்த வருஷத்தில் கிடைக்கவில்லை. கொஞ்சம் அல்பம்தான், ஆனால் அப்படித்தான்.

மார்கழிக் கடைசியில் தலைவர் வருகிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் முதல் நாளே உட்கார்ந்து, பெட்டி மாட்டும் முன்பு எப்படி, மாட்டிய பின்பு எப்படி, நடுவில் ஏன் ஏறியது என்று கலர் கலராகப் படம் போட்டு ஒரு ஃபைல் தயாரித்திருந்தேன். நடுவில் ஏறிய அந்த மூன்று வாரத்தை எப்படி விளக்குவது என்பதுதான் என் கவலை. முடிவு சொல்லப்போகிறவர் அந்த ஏற்றத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இறங்கியது நாளைக்கு ஏறாது என்று என்ன நிச்சயம் எனக் கேட்டால், ஊரே மூடியது என்று சொல்ல வேண்டும். மக்கள்மேல் பழி போட்டுத் தப்பிக்கிறான் என்று நினைத்துவிடுவார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆகிவிடும்.

அக்கா அன்று நல்ல சேலை கட்டியிருந்தார். அறையைக் கழுவி, வாசலில் கோலம் போட்டு, நாற்காலியைத் துடைத்துத் தலைவருக்காகப் போட்டுவைத்திருந்தார். தான் உட்காரவே இல்லை. கை அடிக்கடி இடுப்புக்குப் போய்ச் சாவியைத் தொட்டுத் தொட்டு வந்தது. பூட்டச் சொல்லிவிடுவாகளோ தம்பி என்று இரண்டு தரம் கேட்டார். இல்லை அக்கா என்று நானும் இரண்டு தரம் சொன்னேன். என் குரலிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை.

தலைவர் பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, கூட இரண்டு பேரோடு சுவரோரப் பாதையில் வந்தார். நான் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அக்கா எனக்குப் பின்னால். அன்று காலையில் யாரும் தொட்டியில் தண்ணீர் எடுக்கவில்லை போலிருக்கிறது. அது நிறைந்து, விளிம்பில் வழிந்து, ஓடைப் பக்கமாக மெல்ல ஒழுகிக்கொண்டிருந்தது. தலைவர் அதைப் பார்த்தார். கூட வந்தவரிடம் பருத்தி விலையைப் பற்றி என்னமோ சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லிக்கொண்டே கையைச் சுவர்ப்பக்கம் நீட்டினார்.

கை வெறும் கம்பியைத் தொட்டது. இரண்டு விரலால் பிடித்துத் திருகிப் பார்த்தார், வழுக்கியது. பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"கைப்பிடிய எங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டார். இடுப்பிலிருந்து சாவிக் கயிற்றை எடுத்தார். அறைச் சாவியோடு சேர்த்து அதே கயிற்றில் அந்தச் சிவப்புக் கைப்பிடியும் தொங்கியது. எத்தனை வாரமாக அதைச் சுமந்துகொண்டு அலைந்தாரோ, எனக்குத் தெரியாது.

"எங்கிட்டதான் இருக்கு தலைவரே. எல்லாரும் மூடுறாகன்னு கழட்டி வச்சிருக்கோம். அத மூடுனா உப்பு உள்ள தங்கி மோட்டாரு கரண்டத் திங்குது. நடுவுல மூணு வாரம் ஏறுச்சுல்ல, அது இதுதான்."

தலைவர் அந்தக் கைப்பிடியைப் பார்த்தார். பிறகு இன்னும் அந்தக் கம்பியின் மேலேயே இருந்த தன் கையைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. சுவருக்கு உள்ளே மோட்டார் முனகிக்கொண்டிருந்தது, அது வெளியே நின்றவர்களுக்குக் கேட்டும் கேட்காமலும் இருந்தது. தலைவர் மெதுவாகக் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

"ரெண்டும் ஒங்கிட்டயே இருக்கட்டும் தாயி" என்றார்.

அதற்குமேல் அவர் மீட்டரையும் பார்க்கவில்லை, என் ஃபைலையும் கேட்கவில்லை. உள்ளே வந்து, துடைத்து வைத்திருந்த நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். பொங்கலுக்குப் பிறகும் ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பைக் சத்தம் தேய்ந்த பிறகு, அக்கா கயிற்றை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டார். நன்றாகச் சாய்ந்து, முதுகு நாற்காலியில் படுகிற மாதிரி உட்கார்ந்தார்.